கல்வராயன்மலை: கடலூர், புதுச்சேரிப் பக்கத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் இருந்துகொண்டு கல்வராயன்மலையைப் பற்றிப் பேசினால், "அது சேலத்துப் பக்கம்தானே?" என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கேள்வி-பதில். நண்பர்களும் உறவுக்காரர்களும் போவதற்கு முன்பும் போய் வந்த பிறகும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கல்வராயன்மலை சரியாக எங்கே இருக்கிறது?

கிழக்குத் தொடர்ச்சி மலையில், ஜவ்வாதுமலைக்குத் தெற்கே. பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன்மலை எல்லாம் அதன் சுற்றத்தார். பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கி.மீ. கிழக்குப் பக்கம் கள்ளக்குறிச்சி மாவட்டம், மேற்குப் பக்கம் சேலம் மாவட்டம். வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் பிரிப்பார்கள். சின்னது சராசரியாக 2,700 அடி உயரம், பெரியது 4,000 அடியை ஒட்டி.

ஊட்டி மாதிரி கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். மேலே ஏறினால் சமதளமாக வயலும் மரவள்ளிக் கொல்லையும் வரும், நடுவில் ஊர், அதைத் தாண்டிக் காடு, திரும்பவும் ஊர். ஸ்வெட்டர் மார்கழி, தையில் மட்டும் தேவைப்படும்.

நமக்கும் அந்த மலைக்கும் என்ன சம்பந்தம்?

தண்ணீர். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விருத்தாசலத்திலும் புவனகிரியிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரிவதில்லை.

மலையின் கிழக்குச் சரிவில் கல்படை, பொட்டியம், பரிகம் என்று ஓடைகள் இறங்குகின்றன. அவை கச்சிராயபாளையத்துக்கு அருகே கோமுகி அணையில் சேர்கின்றன. 1960-களில் கட்டிய அணை, 46 அடி. அதற்கு வடக்கே சூளாங்குறிச்சியில் மணிமுக்தா அணை, 36 அடி. இரண்டுமே பெரிய அணைகள் இல்லை. மலையில் நாலு நாள் நல்ல மழை பிடித்தால் நிரம்பிவிடும், அப்புறம் வருவதெல்லாம் கீழே நமக்குத்தான். கோமுகி ஆறு விருத்தாசலத்துக்கு மேற்கே மணிமுக்தாவோடு கலக்கிறது. அந்த மணிமுக்தாதான் விருத்தகிரீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடுவது. மாசி மகத்தன்று லட்சக்கணக்கில் சனம் இறங்கி முழுகுகிறதே, அதே ஆறு. சுந்தரர் பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகத் தலபுராணம் சொல்லும். "ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவது" என்று நாம் இன்றைக்கும் கேலி பேசுவது அதை வைத்துத்தான்.

மணிமுக்தா கூடலையாத்தூரில் வெள்ளாற்றில் விழுகிறது. வெள்ளாறும் பாதி இந்த மலையின் பிள்ளைதான். மலையின் தென்மேற்குப் பக்கத்துத் தண்ணீர் வசிஷ்ட நதியாகப் பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர், தலைவாசல் வழியாக வந்து சுவேத நதியோடு சேர, அதற்குப் பிறகுதான் வெள்ளாறு என்று பெயர். தொழுதூர் அணைக்கட்டில் அந்தத் தண்ணீரைத் திருப்பித்தான் திட்டக்குடிப் பக்கத்து வெலிங்டன் ஏரியை நிரப்புகிறார்கள். 1923-ல் கட்டி முடித்த ஏரி. எஞ்சியது பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுகளைத் தாண்டி, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது.

ஆக, மலையில் காடு மொட்டையானால் பரங்கிப்பேட்டை வரைக்கும் அதன் கணக்கு வரும். வேர் பிடித்த மண்ணில் மழை நின்று கசிந்து இறங்கும், ஓடையில் தை, மாசி வரைக்கும் தண்ணீர் இருக்கும். வெறும் சரிவில் அதே மழை அரை நாளில் மண்ணோடு இறங்கி அணையில் வண்டலாகப் படியும். விருத்தாசலம் பாலத்தில் நின்று பங்குனியில் ஆற்றைப் பாருங்கள்: மணல் போன பள்ளமும் சீமைக் கருவேலமும்தான் தெரியும். மணல் அள்ளியது தனிக் கதை. ஆனால் முழுப் பழியையும் மணல்மேல் போட்டுவிட முடியாது என்பது என் எண்ணம்.

அப்படியென்றால் கெடிலமும் தென்பெண்ணையும்? 2024 வெள்ளம் அங்கிருந்துதான் வந்ததா?

இல்லை. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி வருவது. கெடிலம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சமவெளியில், மையனூர்ப் பக்கம் தொடங்குவது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதே, அதற்குப் பிறகு கடலூர் நகரத்தையும் பாகூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது சாத்தனூரிலிருந்து திறந்துவிட்ட தென்பெண்ணைத் தண்ணீர்.

கல்வராயன்மலைத் தண்ணீர் பெருகினால் பயப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள்: விருத்தாசலம், ஸ்ரீமுஷ்ணம் பக்கம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, பரங்கிப்பேட்டை. எந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் தொலைக்காட்சியில் எந்த அணை திறப்புச் செய்தியைக் கவனிக்க வேண்டும் என்று தெரியும். புவனகிரிக்காரர் சாத்தனூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பிரயோசனம் இல்லை.

அது எப்போதாவது கடலூர் மாவட்டத்தில் இருந்ததா?

இருந்தது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகர் கடலூர். கிழக்குக் கல்வராயன் அதற்குள்தான். 1993 செப்டம்பர் 30-ல் மாவட்டம் பிரிந்தபோது மலை விழுப்புரத்தோடு போனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அங்கே போனது. 1993-க்கு முந்தைய காலத்தில் மலைக்காரர் ஒருவருக்குக் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால், மலையிறங்கி நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணித்துக் கடலூர் மஞ்சக்குப்பம் வந்தாக வேண்டும். இங்கிருந்து அதிகாரி அங்கே போவதும் அதே தூரம்தான், ஆனால் போனவர்கள் குறைவு.

அங்கே இருப்பவர்கள் மலையாளிகள் என்கிறார்களே, கேரளத்திலிருந்து வந்தவர்களா?

இல்லவே இல்லை. மலையில் வாழ்பவர்கள் என்பதால் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்களிடம் உள்ள வழிவழிக் கதை. பழங்குடிப் பட்டியலில் இவர்களுக்கு எதிரே இன்னமும் 'தென்னார்க்காடு' என்று பழைய மாவட்டப் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்று போட்டுக்கொள்வதால், சாதிச் சான்றிதழ் வாங்கப் போகிற இடத்தில் குழப்பம் வருவதுண்டு.

கரியராமன் இவர்களுக்கு முக்கியமான சாமி. சேலம் பக்கத்துக் கரியகோயில் ஆற்றுக்கும் அணைக்கும் அந்தப் பெயர்தான்.

ஜாகிர்தார் ஆட்சி இருந்தது என்பது உண்மையா?

உண்மை. அதுவும் தாத்தா காலத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஜாகிர் என்றால் வரி வாங்கும் உரிமையோடு ஒருவருக்குக் கொடுத்த நிலப்பகுதி. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்கள். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று வழிவழியாகச் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் போய், நாடு விடுதலையாகி, சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்த பிறகும் மலையில் வரி வாங்கியதும் கூலியில்லாத வேலை வாங்கியதும் ஜாகிர்தார்கள்தான். 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில்தான் அரசு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது.

யோசித்துப் பாருங்கள், அதற்குள் நெய்வேலியில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. மாவட்டத்தின் இந்தக் கோடியில் அது, அந்தக் கோடியில் இது. மலையில் ரோடு, பள்ளிக்கூடம், பட்டா எல்லாம் ஏன் இவ்வளவு பின்தங்கி இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பட்டாச் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை. உழுகிற நிலம் வனத்துறைக் கணக்கில் காடு, உழுகிறவர் கணக்கில் பாட்டன் சொத்து. 2006-ன் வன உரிமைச் சட்டம் இதற்குத்தான் வந்தது, ஆனால் மனு கொடுத்தவர்களுக்கெல்லாம் கிடைத்துவிடவில்லை.

காடு எப்படிப்பட்ட காடு?

அடிவாரத்தில் முள்காடு. 400 மீட்டரிலிருந்து 800 மீட்டர் வரைக்கும் இலையுதிர் காடு, பங்குனியில் பார்த்தால் காய்ந்த விறகு போலத்தான் இருக்கும். உச்சிப் பக்கத்தில் அங்கங்கே சோலைக்காடு. மூங்கில், கடுக்காய், நெல்லி, சீயக்காய், சந்தனம். சந்தனம் என்று சொன்னதும் ஆவலாகத் தேட வேண்டாம், பெருத்த மரமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

ஊரை ஒட்டிய புளியமரங்கள்தான் எனக்குப் பிடித்தது. மாசி, பங்குனியில் போனால் புளி உலுக்குவதைப் பார்க்கலாம். ஒருவர் மரத்தின் மேலேறிக் கிளையை உலுக்க, கீழே பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு பொறுக்குவார்கள். வீட்டுத் திண்ணையில் ஓடு நீக்கி, கொட்டை தட்டி, நார் எடுத்து மூன்று குவியலாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கொட்டை எடுக்காத புளிக்கும் எடுத்த புளிக்கும் விலை ஏகத்துக்கு வித்தியாசம். அவசரப் பணத்துக்குக் கொட்டையோடு விற்றுவிட்டால் லாபம் அடிவாரத்து வியாபாரிக்கு.

கடுக்காயும் அப்படித்தான். தார் ரோட்டில் ஒரு ஓரமாகப் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். காரை அதன்மேல் ஏற்றிவிட்டுப் போகாதீர்கள், யாரோ நாள் முழுக்கக் காட்டில் அலைந்து பொறுக்கியது.

என்ன விளைகிறது?

மரவள்ளி அதிகம். பிடுங்கிய கிழங்கு ஆத்தூர், சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. நெல், மக்காச்சோளம், மஞ்சள், சாமை, தினையும் உண்டு. சாமை முன்பு அன்றாடச் சோறு. ரேஷன் அரிசி வந்த பிறகு குறைந்துபோனது, இப்போது டவுன்காரர்கள் சிறுதானியம் என்று தேட ஆரம்பித்ததால் திரும்பவும் கொஞ்சம் விதைக்கிறார்கள்.

அடிவாரத்து ஊர்கள் எவை? எதில் இறங்கிப் போவது நல்லது?

நம் பக்கத்திலிருந்து போனால் கள்ளக்குறிச்சிதான் வாசல். கடலூரிலிருந்து பண்ருட்டி, உளுந்தூர்பேட்டை, தியாகதுருகம் வழி. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வழி. இரண்டுமே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து கச்சிராயபாளையம், பிறகு மலைப்பாதையில் வெள்ளிமலை. வெள்ளிமலைதான் மேலே இருக்கிற தலைமையூர். ஒன்றிய அலுவலகம், கடைகள் எல்லாம் அங்கே. கள்ளக்குறிச்சியிலிருந்து பேருந்து உண்டு. ஆனால் அடிக்கடி கிடையாது, கடைசி வண்டி நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் போக ஆசைப்பட்டால் விருத்தாசலம் போய்ச் சேலம் பாதையில் சின்னசேலத்தில் இறங்கலாம். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து.

கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், ஊர் பூராவும் பாகு வாசனை. பெட்ரோலையும் பணத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு ஏ.டி.எம்., சிக்னல் இரண்டையும் நம்ப வேண்டாம்.

வடக்கே சங்கராபுரம் பக்கமிருந்து சேராப்பட்டுக்கு ஏறலாம். சேலம் பக்கத்தில் ஆத்தூர், பெத்தநாயக்கன்பாளையம், தும்பல் வழியாகக் கருமந்துறை. கருமந்துறையில் அரசின் பெரிய பழப்பண்ணை இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து கருமந்துறைக்கு மலைக்குள்ளேயே பாதை உண்டு. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதென்றால் அதுதான் வழி.

அருவிகள் எப்போது நன்றாக இருக்கும்?

புரட்டாசிக்கு மேல் தை வரைக்கும். பெரியார் அருவி வெள்ளிமலைப் பாதையோரத்திலேயே இருப்பதால் கூட்டம் எப்போதும் அங்கேதான். மேகம் அருவிக்கு நடக்க வேண்டும். கவியம் அருவியும் உண்டு. சித்திரை, வைகாசியில் போய்விட்டு "பாறைதான் இருக்கிறது" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மழை பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் நிறம் மாறிச் செம்மண்ணாக வந்தால் பேச்சு வேண்டாம், உடனே கரையேறுங்கள். உள்ளூர்ப் பையன்கள் ஏறிவிட்டால் நீங்களும் ஏறிவிடுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

சாராயம் காய்ச்சுகிற மலை என்கிறார்களே?

இந்தப் பேச்சு வராமல் கல்வராயன்மலைப் பேச்சு முடியாது. மறைக்க வேண்டியதும் இல்லை: மலையில் கள்ளச்சாராயம் காய்ச்சியதும், அதற்காக ஊறப்போட்ட ஊறலைப் போலீஸ் அழித்ததும் பல ஆண்டுச் செய்தி. ஆனால் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது மலையில் அல்ல. கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சரக்கால். மெத்தனால் மலையில் விளைகிற பொருள் இல்லை, தொழிற்சாலைக்குப் போக வேண்டிய ரசாயனம். அதைச் சமவெளியில் யாரோ கடத்தி, யாரோ விற்று, கூலிக்காரன் குடித்துச் செத்தான். கெட்ட பெயர் மட்டும் மலையேறியது.

அதை ஒட்டித்தான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் நிலைமை பற்றித் தானாகவே வழக்கெடுத்து, ரோடு, ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாம் என்ன நிலையில் இருக்கிறது என்று அரசைக் கேட்டது. வேறு தொழில் இருந்தால் யாரும் அடுப்பு மூட்டி ராத்திரி முழுக்கக் காட்டில் உட்கார மாட்டார்கள்.

வேலைக்கு வெளியூர் போகிறார்களா?

போகிறார்கள். விதைப்பு முடிந்ததும் கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு, காப்பித் தோட்ட வேலை. திருப்பூர், பெங்களூருக்குக் கட்டட வேலை. அப்புறம் ஆந்திரத்துச் செம்மரக் கடத்தலுக்கு மரம் வெட்டப் போவது. மரம் வெட்டத் தெரிந்த மலைக்காரர்களைத் தரகர்கள் பெரிய கூலி சொல்லி அழைத்துப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் தமிழர்கள் 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாதுமலை, சித்தேரி மலைப் பக்கத்தவர்கள் அதில் அதிகம். அதற்குப் பிறகும் தரகர் வருவது நிற்கவில்லை. மாட்டிக்கொள்வது எப்போதும் கோடாரி பிடித்தவர்தான்.

காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கலாமா, ட்ரெக்கிங் போகலாமா?

ரிசர்வ் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகளை இறுக்கியிருக்கிறார்கள். சிலர் யூடியூபில் பார்த்துவிட்டு ஏதோ ஓடைக்கரையில் அடுப்பு மூட்டிக் கோழி வறுக்கிறார்கள். மாசி முதல் வைகாசி வரை அந்தக் காட்டில் ஒரு பீடித் துண்டே போதும். காட்டுப்பன்றியும் உண்டு, தனியாக இருட்டில் நடக்காதீர்கள்.

சாப்பாடு, தங்குமிடம்?

வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் சின்ன ஓட்டல்கள் உண்டு. இட்லி, பரோட்டா, மதியம் சாப்பாடு. நல்ல லாட்ஜ் வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சிக்கோ ஆத்தூருக்கோ இறங்கிவிடுங்கள்.

வரும்போது என்ன வாங்கலாம்?

புளி, சாமை, கடுக்காய், பருவத்தில் பலா. பண்ருட்டிக்காரர்களிடம் பலாப் பேச்சு எடுபடாது, அதை விட்டுவிடுங்கள். தேனை ஆள் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். ரோட்டோரப் பாட்டிலில் பாதி வெல்லப் பாகு. சாமான் வாங்கும்போது கீழே சந்தையில் என்ன விலை என்று பேரம் பேசாதீர்கள். நீங்கள் குறைக்கிற பத்து ரூபாய் அவர்களுக்குப் பேருந்துக் கட்டணம்.

படம் எடுக்கலாமா?

மலையை, அருவியை எவ்வளவு வேண்டுமானாலும். ஆட்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். சாமி இருக்கிற இடத்தில் செருப்பைக் கழற்றுவதோடு கேமராவையும் பையில் போட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

சொந்த வண்டி என்றால் முடியும். கடலூரிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் கோமுகி அணை. அணையைப் பார்த்துவிட்டு ஏறி, பெரியார் அருவி, வெள்ளிமலை, மதியச் சாப்பாடு. நாலு மணிக்கு இறங்க ஆரம்பித்துவிடுங்கள், வளைவுகளில் மாலைப் பனி இறங்கினால் வண்டி ஓட்டுவது சிரமம். மேகம் அருவியையும் கருமந்துறையையும் சேர்க்க நினைத்தால் ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். பேருந்தில் போகிறவர்களும் அப்படியே. குழந்தைகளுக்கு வளைவுகளில் வாந்தி வரும், எலுமிச்சம்பழமும் இரண்டு பாலிதீன் பையும் கையில் இருக்கட்டும். பையைத் திரும்பிக் கள்ளக்குறிச்சி வரை கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போடுங்கள். மேலே வீசினால் அடுத்த மழைக்கு ஓடை வழியாகக் கோமுகி அணைக்குத்தான் வரும்.